கார்த்திகை 27: அம்மாவுடன் எட்டயபுரம், கடையம்

டிசம்பர் 10, 2024, செவ்வாய், கோவில்பட்டி

அம்மாவின் ஆதார் அட்டையில் பிறந்த தேதி 1-6-1953 என்று இருக்கிறது. அது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி. ஜூனில் பள்ளி திறக்கும்போது வயதுக் கணக்கு இடிக்கக் கூடாது என்று வகுப்பில் பாதிப் பேருக்கு மே, ஜூனிலேயே பிறந்தநாள் வைத்துவிடுவார்கள். உண்மையில் அம்மா பிறந்தது கார்த்திகையில், புயல் வருஷத்தில். எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கம் புயல் வருஷம் என்றால் இரண்டு உண்டு. 1952 நவம்பர் 30-ல் அடித்தது ஒன்று, 1955 டிசம்பர் 1-ல் அடித்தது இன்னொன்று. இரண்டும் நடுக் கார்த்திகை. எந்தப் புயல் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அம்மாச்சி இப்போது இல்லை.

எட்டாவது வரை படித்தவர் அம்மா. பள்ளி பாரதி விழாவில் பாடிப் பரிசாக வாங்கிய எவர்சில்வர் டம்ளரில்தான் நாங்கள் எல்லோரும் பால் குடித்து வளர்ந்தோம். பாரதி பிறந்தநாளன்று எட்டயபுரத்தில் நிற்கவேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஒவ்வொரு டிசம்பரிலும் ஏதாவது வேலை வந்துவிடும். இந்த வருடம் நவம்பரிலேயே நான்கு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மாலை நான்கரைக்குக் கோவில்பட்டி. மேகம் தாழ்வாக இறங்கியிருந்தது, மழை இல்லை. சாத்தூர் தாண்டியதுமே கரிசல் தெரிய ஆரம்பித்தது. மழை குடித்த கரிசல் மண் அப்படி ஒரு கறுப்பு. எங்கள் ஊர் வண்டலைப் பார்த்துப் பழகிய அம்மா ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இந்த மண்ணுல கால வச்சா விடாது போலருக்கே" என்றார்.

தங்கும் விடுதியில் சின்ன மனக்கசப்பு. போனில் 900 ரூபாய் என்றவர்கள் நேரில் 1,200 கேட்டார்கள். நாளைக்குப் பாரதி விழா, கூட்டம் வரும் என்று காரணம் சொன்னார்கள். பாரதி பெயரைச் சொல்லியா 300 ரூபாய் கூட்டுவது என்று எனக்குக் கோபம் வந்தது. அம்மாவின் முழங்கால் வலியை நினைத்துக் கொடுத்துவிட்டேன்.

கடலைமிட்டாய் வாங்கப் போன கடையில் மனம் சரியாகிவிட்டது. கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். வாங்குவதற்கு முன்னாலேயே ஆளுக்கு ஒரு துண்டு கையில் வைத்தார். கரிசல் காட்டு நிலக்கடலை, தேனிப் பக்கத்து வெல்லம், மேலே சாயமிட்ட தேங்காய்த் துருவல். "பாகு பதம் தப்பினா பல்லுல ஒட்டும், இல்லன்னா கல்லாயிரும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு நிமிஷந்தான்" என்றார். 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சொல்லும்போது தன் பிள்ளை தேர்வில் தேறியதைச் சொல்வதுபோல அவர் முகம் மலர்ந்தது. அரைக் கிலோ 110 ரூபாய். அம்மா பேரனுக்கு ஒன்று, பக்கத்து வீட்டுக்கு ஒன்று என்று ஒரு கிலோ வாங்கினார்.

அப்புறம் பெட்டிக் கடையில் ஒரு தீப்பெட்டி. வெள்ளிக்கிழமை திருக்கார்த்திகை, எங்கே இருந்தாலும் விளக்கு ஏற்றவேண்டும் என்பது அம்மாவின் கணக்கு. தீப்பெட்டி ஊரில் வாங்கும் தீப்பெட்டி என்பதால் அம்மாவுக்கு அதில் ஒரு தனி சந்தோஷம். இரண்டு ரூபாய். அகல் இரண்டும் திரியும் ஊரிலிருந்தே பையில் வந்திருந்தன. தீப்பெட்டியை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, அதை இன்னொரு பையில் முடிந்து, சுருக்குப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

டிசம்பர் 11, புதன், எட்டயபுரம்

விடுதி வரவேற்பில் தொங்கிய தினசரிக் காலண்டரில் அம்மா நின்றுவிட்டார். "இன்னைக்குக் கார்த்திகை 26-ன்னு போட்டிருக்கு. பாரதி பொறந்தது கார்த்திகை 27-ன்னுல்ல சொல்லுவாங்க?"

அவர் சொன்னது சரிதான். சித்திரபானு வருடம், கார்த்திகை 27, மூல நட்சத்திரம். ஆங்கிலத் தேதிக்கு 1882 டிசம்பர் 11. இரண்டு கணக்கும் எல்லா வருடமும் ஒரே நாளில் வந்து சேராது என்று விளக்கினேன். "அப்ப நெசமான பொறந்தநாளு நாளைக்கு" என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். நாளைக்குக் கடையம் போவதாக இருந்ததால் எனக்கும் அது பிடித்திருந்தது.

எட்டயபுரத்துக்கு டவுன் பஸ். அம்மாவுக்கு டிக்கெட் இல்லை, எனக்கு 15 ரூபாய். முன் சீட்டில் ஒரு குட்டிப் பாரதி உட்கார்ந்திருந்தான். வெள்ளைத் தலைப்பாகை, அக்காவின் சுடிதார் துப்பட்டாவில் கட்டியது. கறுப்புக் கோட்டு அவன் முழங்காலைத் தொட்டது. மீசை கண்மையில் வரைந்தது. வியர்த்தால் கலையும் என்று அவன் அம்மா நோட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டே வந்தார். அரையாண்டுத் தேர்வு நேரம். மாலை அணிவித்து முடிந்ததும் மீசையை அழித்துவிட்டுப் பள்ளிக்கு ஓடவேண்டுமாம். "எந்தப் பாட்டு சொல்லப் போற?" என்று அம்மா கேட்டார். அவன் சொல்லவில்லை. மேடையில்தான் சொல்வானாம்.

பாரதி பிறந்த வீடு குறுகலான தெருவில் இருக்கிறது. எட்டரைக்கே தெரு நிறைந்துவிட்டது. பல அமைப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பேனர், ஒரு மாலை, ஒரு போட்டோ. மாலை போட்டவர்கள் போட்டோ எடுத்து முடிக்கும்வரை பிள்ளைகள் ஓரமாக வரிசையில் காத்து நின்றார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பிள்ளைகளை முதலில் விட்டிருக்கலாம். அது அவர்கள் நாள்.

நான் எதிர்பார்த்ததைவிடச் சின்ன வீடு. சுவரில் பாரதியின் படங்கள், குடும்பத்தாரின் படங்கள், கையெழுத்துப் பிரதிகள். அவர் பிறந்த இடம் என்று காட்டும் இடத்தில் மார்பளவுச் சிலை. அம்மா அங்கே கோயிலில் நிற்பதுபோல் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரையும் தரையையும் பார்த்தபடி நின்றார். பிரசவம் நடந்த அறை என்றால் எந்தப் பக்கம் தலை வைத்திருப்பார்கள், வெந்நீர் எங்கே போட்டிருப்பார்கள் என்று மெல்லக் கேட்டார். எனக்கு அப்படி யோசிக்கத் தோன்றியதே இல்லை.

பெற்றவர் பெயர் இலட்சுமி அம்மாள். சுப்பையாவுக்கு ஐந்து வயதாகும்போது இறந்துவிட்டார். அப்பா சின்னசாமி ஐயர் இதே ஊரில் பஞ்சாலை தொடங்கி, அது நொடித்துப்போய், 1898-ல் வறுமையில் இறந்தார். பதினொரு வயதில் எட்டயபுரம் அரண்மனைப் புலவர்கள் முன்னால் பாடிப் 'பாரதி' பட்டம் வாங்கிய பையன், பதினாறு வயதுக்குள் இருவரையும் இழந்துவிட்டான். வீட்டைச் சுற்றிக் காட்டிய பெரியவர் இதையெல்லாம் நன்றாகச் சொன்னார். அவரிடம் அம்மா கேட்டார்: "அந்த அம்மா பொறந்த நாளு என்னிக்குங்க?"

அவர் ஒரு நொடி நின்றார். "இத்தனை வருசத்துல இத யாரும் கேட்டதில்லம்மா. எனக்குத் தெரியல" என்றார். பிறகு கைகூப்பினார். எதற்கு என்று எங்களுக்குச் சரியாகப் புரியவில்லை. நாங்களும் கைகூப்பினோம்.

வெளியே வந்தால் அம்மாவின் செருப்பைக் காணவில்லை. யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போயிருக்கவேண்டும். இரண்டு அளவு சின்னதாக ஒரு ஜோடி மட்டும் அநாதையாகக் கிடந்தது. பூக்காரப் பெண் ஒருவர் தன் செருப்பைக் கழற்றி, "கடை வரைக்கும் போட்டுட்டுப் போங்கம்மா, தம்பி கொண்டாந்து குடுக்கட்டும்" என்று கொடுத்துவிட்டார். ஈரத் தெருவில் வெறுங்காலோடு நின்று அவர் பூக் கட்டிக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. ரப்பர் செருப்பு 150 ரூபாய். திரும்பிப் போய்ச் செருப்பைக் கொடுத்தபோது ஒரு முழம் கதம்பம் வாங்கினேன். 30 ரூபாய்க்கு முழத்துக்கு மேலேயே அளந்தார்.

மணிமண்டபத்தில்தான் பிள்ளைகளின் நிகழ்ச்சி. 1945-ல் ராஜாஜி அடிக்கல் நாட்டி, 1947 அக்டோபரில் அவரே திறந்துவைத்த கட்டடம். கல்கி முன்னால் நின்று பத்திரிகை வழியாகத் திரட்டிய பணத்தில் எழுந்தது. எத்தனையோ பேர் தங்களால் முடிந்ததை அனுப்பியிருக்கிறார்கள். பாரதி நினைவுக்காகக் காந்தி தன் கையாலேயே தமிழில் வாழ்த்து எழுதி அனுப்பியதை அம்மாவுக்குச் சொன்னேன். "கோணல் மாணலா இருந்திருக்குமே" என்றார் அம்மா. கோணலாகத்தான் இருக்கும். ஆனால் தமிழ்.

பஸ்ஸில் பார்த்த பையன் "அச்சமில்லை" சொன்னான். மீசை பாதி கலைந்திருந்தது, குரல் கலையவில்லை. அடுத்து நான்கு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் குழந்தை, அதற்கும் மீசை, தலைப்பாகை. "ஓடி விளையாடு பாப்பா" தொடங்கி, "காலை எழுந்தவுடன் படிப்பு" வரை வந்து நின்றுவிட்டது. மைக்கில் மூச்சு மட்டும் கேட்டது. மூன்றாவது வரிசையிலிருந்து அம்மா, "பின்பு கனிவு கொடுக்கும் நல்ல பாட்டு" என்று எடுத்துக் கொடுத்தார். சத்தமாகவே. குழந்தை அம்மாவைப் பார்த்தது. பிறகு அம்மாவிடமிருந்து பார்வையை எடுக்காமல் மிச்சப் பாட்டு முழுவதையும் சொல்லி முடித்தது. அந்த இரண்டு நிமிடத்துக்கு நான் எத்தனை நாள் விடுப்பு வேண்டுமானாலும் எழுதிக் கொடுப்பேன்.

மதியம் ஒரு வீட்டுச் சாப்பாட்டுக் கடையில் சாம்பார், வத்தக்குழம்பு, முட்டைகோஸ் பொரியல், 80 ரூபாய். சாப்பிட்டுவிட்டு உமறுப் புலவர் அடக்கமான தர்காவுக்குப் போனோம். நபிகள் நாயகத்தின் வரலாற்றை 5,027 பாடல்களில் சீறாப்புராணமாகப் பாடியவர். 17-ஆம் நூற்றாண்டு, வள்ளல் சீதக்காதி ஆதரித்த புலவர். தர்காவில் இருந்த பெரியவர் அம்மாவுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். முத்துசாமி தீட்சிதரின் சமாதியும் இதே ஊரில்தான். 1835 தீபாவளியன்று இங்கே மறைந்தார். சங்கீதக்காரர்கள் தீபாவளியன்றுதான் அவரை நினைக்கிறார்கள், அதாவது மறைந்த நாளை. புலவருக்குத் தர்கா, இசை மேதைக்குச் சமாதி, கவிஞருக்கு மட்டும் பிறந்த வீடு. ஒரே சிற்றூரில் மூன்றையும் ஒரு பகலில் நடந்தே பார்த்துவிட முடிகிறது. இதுபோல இன்னோர் ஊரை நான் பார்த்ததில்லை.

பாரதிக்கு மறைந்த நாளில்தான் குழப்பம். 1921 செப்டம்பர் 11 நள்ளிரவு தாண்டி, சுமார் ஒன்றரை மணிக்கு உயிர் பிரிந்ததால் 12 என்பதே சரி. ஆனால் 11 என்றே வெகுகாலம் சொல்லி வந்தோம், அரசு அறிவித்த மகாகவி நாளும் செப்டம்பர் 11 தான். இதைச் சொன்னதும் அம்மாவுக்கு ஓர் ஆறுதல். "அவருக்கே அப்படின்னா, எனக்குத் தேதி தெரியாட்டி என்ன" என்றார்.

இரவு விடுதியில் போனைத் திறந்தால் செய்தி. காலவரிசையில் தொகுக்கப்பட்ட பாரதியின் முழுப் படைப்புகள், 23 தொகுதிகள், இன்று தில்லியில் வெளியாகியிருக்கின்றன. தொகுத்தவர் சீனி விசுவநாதன். வாழ்நாளையே இதற்குக் கொடுத்தவர். 23 தொகுதி என்றதும் அம்மா, "வைக்க எடம் வேணுமே" என்றார். வாங்கவேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார் என்று தெரிந்தது.

டிசம்பர் 12, வியாழன், கடையம்

விடியற்காலையிலிருந்தே மழை. நேற்று வாங்கிய ரப்பர் செருப்பு இன்றைக்குத்தான் உதவியது.

திருநெல்வேலி பஸ் நிலையத்துக்கு வெளியே ரஜினிகாந்த் பிறந்தநாள். ரசிகர்கள் தார்ப்பாய் கட்டி, பெரிய அண்டாவில் கேசரி வைத்துப் போகிற வருகிற எல்லோருக்கும் தொன்னையில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மழையில் ஓடுவதைப் பார்த்த ஒரு இளைஞர் குடையோடு வந்து அம்மாவைத் தார்ப்பாய்க்குள் கூட்டிப் போனார். "ஆச்சி, சூடா இருக்கு, பாத்து" என்று சொல்லிக் கொடுத்தார். நெய் மணத்தோடு நல்ல கேசரி. யார் எவர் என்று கேட்காமல் எல்லோருக்கும் இனிப்புக் கொடுப்பது பிறந்தநாளுக்கு எவ்வளவு பொருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். எட்டயபுரத்திலும் அந்தப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு தொன்னை கேசரி கொடுத்திருக்கலாம்.

அம்பாசமுத்திரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் தண்ணீர். மேற்கே மலை இருக்கும் இடத்தில் வெறும் வெள்ளை. கடையத்தில் இறங்கியபோது மணி பன்னிரண்டரை. குடை இரண்டு தடவை மடங்கி, மூன்றாவது தடவை கம்பி ஒடிந்தது.

கடையம் செல்லம்மாளின் ஊர். 1897 ஜூனில் கல்யாணம் நடந்தபோது பாரதிக்கு பதினான்கு வயது, செல்லம்மாளுக்கு ஏழு. புதுச்சேரியில் பத்து வருடம் இருந்துவிட்டு, 1918 நவம்பரில் கடலூர் அருகே கைதாகி, விடுதலையான பிறகு பாரதி வந்து தங்கியது இங்கேதான். 1920 கடைசி வரை ஏறக்குறைய இரண்டு வருடம். மனைவியின் தோளில் கை போட்டுக்கொண்டு தெருவில் நடந்ததை ஊர் ஏற்கவில்லை. இப்போது அதே ஊரில், செல்லம்மாளின் தோளில் பாரதி கை போட்டு நிற்கும் சிலை இருக்கிறது. 2022 ஜூனில், அவர்கள் திருமணத்தின் 125-ஆம் ஆண்டில் திறந்தார்கள்.

சிலைக்கு வழி கேட்டு ஒரு வீட்டு வாசலில் ஒதுங்கினோம். கதவைத் திறந்த அம்மாவுக்கு என் அம்மா வயதுதான் இருக்கும். "ஏன் நனைஞ்சிக்கிட்டு நிக்கிய? உள்ள வாங்க" என்றார். எந்த ஊர், எதற்கு வந்தோம் என்று கேட்டதெல்லாம் நாங்கள் தலை துவட்டிய பிறகுதான். சுக்குக் காப்பி கொடுத்தார். "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் இலை போட்டார். உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல், ஒரு கரண்டி நல்லெண்ணெய். தோலோடு உளுந்து போட்டுக் குழைய வடித்த சோறு. எங்கள் பக்கம் இதைச் செய்வதில்லை. மழையில் நடுங்கிவிட்டு வந்து அதைச் சாப்பிட்டபோது உடம்பு முழுக்கச் சூடு பரவியது. பணம் என்று வாயெடுத்தேன், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அம்மா கடலைமிட்டாய்ப் பொட்டலம் ஒன்றை எடுத்து, "இன்னைக்குப் பாரதிக்குப் பொறந்தநாளு, கார்த்திகை 27. எடுத்துக்குங்க" என்றார்.

"நேத்துல்லா பொறந்தநாளு?" என்றார் அவர்.

"அது இங்கிலீசு தேதிக்கு."

அவ்வளவுதான், இரண்டு பேரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். தமிழ் மாதக் கணக்கு, நட்சத்திரக் கணக்கு, பள்ளிக்கூடத்துத் தேதி. அந்த வீட்டு அம்மாவுக்கும் வாத்தியார் போட்ட பிறந்தநாள்தான், மே 15. செல்லம்மாளைப் பற்றியும் பேசினார்கள். சோற்றுக்கு வைத்திருந்த அரிசியை எடுத்துப் பாரதி குருவிகளுக்கு இறைத்த கதையை அம்மா சொல்ல, "மத்தியானம் உலைக்கு அவ என்ன செஞ்சாளோ" என்றார் அவர்.

என்ன செய்தார் என்பதில் தெரிந்த பகுதி உண்டு. 1920-ல் இந்தக் கடையத்திலிருந்துதான் பாரதி ஒரு பெரிய திட்டம் போட்டார். தன் எழுத்துகளை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிடவேண்டும். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல அவை சாதாரணமாக எல்லோர் வீட்டுக்கும் போகும் என்று நம்பி, அச்சுச் செலவுக்குக் கடன் கேட்டு அறிக்கை அனுப்பினார். பணம் வரவில்லை. அடுத்த வருடம் அவரே போய்விட்டார். அதன் பிறகு, கையில் எதுவும் இல்லாத செல்லம்மாள்தான் பாரதி ஆச்ரமம் என்று பெயர் வைத்து 1922-ல் சுதேச கீதங்களை வெளியிட்டார். 1949-ல் அரசு பாரதி நூல்களின் உரிமையை எடுத்துக்கொண்டபோது அவருக்கும் இரண்டு மகள்களுக்கும் ஆளுக்கு 5,000 ரூபாய் கொடுத்தது. 1951-ல் திருச்சி வானொலியில் கணவரைப் பற்றிப் பேசினார். 1955-ல் மறைந்தார்.

1955 என்றதும் அம்மா நிமிர்ந்து பார்த்தார். அவர் பிறந்திருக்கக்கூடிய வருடம்.

மூன்று மணிக்கு மழை கொஞ்சம் தணிந்தது. அந்த வீட்டுக் குடையை வாங்கிக்கொண்டு சிலையைப் பார்த்தோம். வேறு யாரும் இல்லை. நேற்றைய மாலை மழையில் ஊறித் தொங்கியது. அம்மா எட்டயபுரத்துக் கதம்பத்தை ஈரத் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார். அதைச் செல்லம்மாளின் காலடியில் மட்டும் வைத்தார். "அவருக்கு நேத்தே நெறையப் போட்டுட்டாங்க" என்றார்.

நித்திய கல்யாணி அம்மன் கோயிலுக்கும், பாரதி உட்கார்ந்து பாடிய பாறை என்று ஊரார் காட்டும் இடத்துக்கும் போகவேண்டும் என்று இருந்தேன். "இப்பம் போவாதிய, பாறை வழுக்கும்" என்று அந்த வீட்டு அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குடையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது வாங்க மறுத்தார். அடுத்த தடவை வரும்போது தந்தால் போதுமாம்.

தென்காசி விடுதிக்கு வந்து சேர ஆறரை மணி. கீழே டீக்கடையில் ஒரே கூட்டம், எல்லோரும் ஒரு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிங்கப்பூரில் குகேஷ் உலக செஸ் சாம்பியன் ஆகிவிட்டார். பதினெட்டு வயது. டீக்கடைக்காரர் அம்மாவிடம் காசு வாங்கவில்லை.

டிசம்பர் 13, வெள்ளி, தென்காசி

இன்றைக்கு ஊருக்குக் கிளம்பியிருக்கவேண்டும். இரவு முழுக்க மழை ஒரு நிமிடம்கூட விடவில்லை. குற்றாலத்தில் வெள்ளம் பாலத்துக்கு மேலே ஏறிப் பாய்வதைக் காலையில் போனில் பார்த்தோம். பள்ளிகளுக்கு விடுமுறை. பஸ் நிலையம் வரை முட்டளவு தண்ணீரில் நடந்து போய்க் கேட்டேன். மதுரை வண்டி எப்போது எடுப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. திரும்பி வந்து இன்னொரு நாளுக்கு அறை கேட்டேன். வரவேற்பில் இருந்த பையன், "மழைக்கு மாட்டிக்கிட்டவங்கட்ட என்னத்த வாங்க" என்று 200 ரூபாய் குறைத்துக்கொண்டான். கோவில்பட்டிக் கோபம் இப்போதுதான் முழுதாகப் போனது.

மதியத்துக்கு மேல் மின்சாரம் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. படுக்கச் சொன்னால் படுக்கவில்லை. ஐந்தரைக்கே முகம் கழுவி, அகல் இரண்டையும் துடைத்து, திரி போட்டு உட்கார்ந்துவிட்டார். எண்ணெய் வரவேற்புப் பையன் வீட்டிலிருந்து வந்தது. கூடவே அவன் அம்மா ஓலைக் கொழுக்கட்டை கொடுத்தனுப்பியிருந்தார். பச்சைப் பனங்குருத்துக்குள் அரிசி மாவும் கருப்பட்டியும் தேங்காயும் சேர்த்து அவித்தது. பொட்டலத்தைத் திறந்ததும் அறையே ஓலை வாசனை. தெருவில் சொக்கப்பனை கொளுத்த நட்டு வைத்திருந்த பனை மழையில் நின்றுகொண்டிருந்தது. இன்றைக்கு அது எரியாது.

ஆறு மணிக்குத் திருவண்ணாமலையில் தீபம் ஏற்றியதைப் போனில் இருந்த கடைசிச் சார்ஜில் காட்டினேன். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, சுருக்குப் பைக்குள்ளிருந்து இரண்டு பிளாஸ்டிக் பைகளையும் பிரித்துத் தீப்பெட்டியை எடுத்தார். முதல் குச்சி பிடித்ததும் வாசல் காற்றில் அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. நான் கதவை அணைத்துப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவதில் விளக்கு நின்றது.

"இப்படித்தான் இருந்திருக்கும்" என்றார் அம்மா.

"எது?"

"புயலு. அம்மாச்சி சொல்லுமே. கூரை போயிருச்சு, வீட்ல இருந்த தீப்பெட்டியெல்லாம் நனஞ்சு போச்சு, தீவத்துக்கு விளக்கு வைக்க முடியல, மூணாம் வீட்டுலேருந்து நெருப்பு வாங்கியாந்துதான் அடுப்பே மூட்டுனேன்னு. அப்புறந்தான் நான் பொறந்தேன்."

இந்தக் கதையை நான் கேட்டதே இல்லை. "அப்புறம்னா? தீபத்துக்கு எத்தனையாம் நாள்மா?"

"அஞ்சாம் நாளுன்னு சொல்லும்."

மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு கீழே போனேன். வரவேற்பில் தொங்கிய காலண்டரில் இன்றையிலிருந்து எண்ணினேன். ஐந்தாம் நாள் செவ்வாய்க்கிழமை வந்தது, மார்கழி 2. "மார்கழி வந்துருதேம்மா" என்று மேலே வந்து சொன்னேன்.

"அந்த வருசம் தீவம் முன்னாடியே வந்திருக்கும்" என்றார் அம்மா, ஓலையைப் பிரித்துக்கொண்டே. "செவ்வாய்க்கெழம நீ ஆபீசுக்குப் போயிட்டு வா. ராத்திரிக்கு நான் இந்த உளுந்தஞ்சோறு பண்ணிப் பாக்குறேன்."